லண்டனா, எடின்பரோவா? நூற்று முப்பது வருடத்து வீட்டுக் கணக்கு

கோபாலபுரத்தில் எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சுதான். அத்தை பையனுக்கு மேற்படிப்புக்கு இங்கிலாந்தில் இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருக்கிறது. ஒன்று லண்டன், இன்னொன்று ஷெஃபீல்டு. படிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். "போறதுதான் போறான், லண்டனுக்கே போகட்டுமே. நாளைக்கு நாலு பேர் கேட்டா சொல்லிக்க வேண்டாமா?" என்கிறார் மாமா. "சொல்லிக்கறதுக்கா வீட்டுப் பத்திரத்த பேங்க்ல வெக்கறோம்?" என்கிறார் அத்தை. பையன் வாயே திறப்பதில்லை.

இந்தச் சண்டைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பிரிட்டிஷ் அரசே எழுதி வைத்திருக்கிறது. மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர் ஃபீஸ் போக, சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கையில் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2025 ஜனவரியில் அந்தத் தொகை லண்டனுக்கு மாதம் 1,483 பவுண்டு என்றும், லண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுண்டு என்றும் உயர்த்தப்பட்டது. அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். அந்தத் தொகைகளைப் பெருக்கிக் கழித்துப் பார்த்தால் அப்போது வித்தியாசம் 3,123 பவுண்டு. நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். "தலைநகர்" என்ற ஒரு வார்த்தைக்கு இது விலை.

நான் படிப்பது வரலாறு. அதனால் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் "இது முன்னாடி எப்போ நடந்துச்சு?" என்றுதான் எனக்குத் தோன்றும் (இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு). இந்தச் சண்டையும் புதிதில்லை. சென்னை மாகாணத்திலிருந்து படிக்கக் கப்பலேறியவர்களின் வீடுகளிலும் பணக்கணக்கு இருந்தது. லண்டனை விட்டு எடின்பரோ, டப்ளின் என்று போனவர்கள் நிறைய. அவர்களில் சிலரின் பெயர் நம் தெருக்களில் இருக்கிறது.

முதலில், லண்டனுக்கே போன ஒருவரின் கணக்கைப் பார்த்துவிடலாம். நமக்கு வரவு செலவோடு கிடைக்கும் மாணவர் அவர்தான். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

காந்தி 1888-ல் லண்டன் போய்ச் சேர்ந்தார். பாரிஸ்டர் படிப்பு. போன புதிதில் பாண்ட் தெருவில் பத்து பவுண்டுக்கு ஒரு மாலை நேர உடை தைத்துக்கொண்டார். பத்தொன்பது ஷில்லிங்குக்குத் தொப்பி. நடனம் கற்க மூன்று பவுண்டு, வயலின் வாங்க மூன்று பவுண்டு. நடனத்துக்குத் தாளம் பிடிபடவில்லை. வயலினும் அதே கதிதான். இதையெல்லாம் சுயசரிதையில் அவரே வெட்கத்தோடு எழுதியிருக்கிறார். சில மாதங்களில் தெளிந்து, ஒற்றை அறைக்கு மாறினார். ஒரு அடுப்பு வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சி, இரவில் ரொட்டியும் கோக்கோவும். மதியம் மட்டும் வெளியே. வண்டிச் செலவை மிச்சம் பிடிக்கத் தினமும் எட்டுப் பத்து மைல் நடை. இப்படிச் சாப்பாட்டை ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸுக்குள் அடக்கினார்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு பவுண்டு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்ஸ். அந்தப் பத்து பவுண்டு உடையின் விலையில் அவர் 160 நாள் சாப்பிட்டிருக்கலாம்! தலைநகரில் செலவு அதிகம் என்றால் நாம் வாடகையை மட்டும் நினைக்கிறோம். ஆனால் காந்தியின் பையைக் காலி செய்தது வாடகை மட்டும் இல்லை. பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து நாமும் அப்படி இருக்க வேண்டும் என்று தோன்றுகிறதே, அதுவும்தான். பின்னாளில் லண்டன் போகும் மாணவர்களுக்காக அவர் ஒரு வழிகாட்டி எழுதினார். வாரம் ஒரு பவுண்டில் வாழலாம் என்பதுதான் அதன் சாரம். அவர் காலத்தில் அது புத்தகமாக வரவில்லை.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டு அவர் ஏன் லண்டனில் இருக்க வேண்டும்? வேறு மலிவான ஊருக்குப் போயிருக்கலாமே?

முடியாது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆக வேண்டுமென்றால் லண்டனில் உள்ள நான்கு 'இன்'களில் ஒன்றில் சேர வேண்டும். பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. பன்னிரண்டு தவணைகள் முடிக்க வேண்டும். தவணை முடிப்பது என்றால் விருந்து சாப்பிடுவது! ஒவ்வொரு தவணையிலும் இருபத்து நாலு விருந்து வரை நடக்கும், குறைந்தது ஆறில் உட்கார்ந்திருக்க வேண்டும். பன்னிரண்டு தவணைக்கு 72 விருந்து. காந்தி சைவம், மது தொடாதவர். நாலு பேர் கொண்ட மேசைக்கு இரண்டு பாட்டில் ஒயின் என்பதால், குடிக்காத இவரைத் தங்கள் மேசையில் சேர்த்துக்கொள்ள மற்றவர்களுக்குள் போட்டி நடந்ததாம். 72 விருந்துக்கும் ஆள் லண்டனில் இருந்தாக வேண்டும். எடின்பரோவில் அறை எடுத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. அந்தக் காலத்தில் ரயிலில் போனாலும் நானூறு மைல்.

ஐ.சி.எஸ். கனவு கண்டவர்களுக்கும் இதே நிலைமைதான். 1922 வரை அந்தப் பரீட்சை லண்டனில் மட்டுமே நடந்தது.

ஆனால் டாக்டர் படிப்பு அப்படி இல்லை. 1858-ல் பிரிட்டனில் ஒரு மருத்துவச் சட்டம் வந்தது. அதற்கு முன் லண்டனில் தேறியவர் ஒரு மாதிரி, ஸ்காட்லாந்தில் தேறியவர் ஒரு மாதிரி என்று உரிமைகள் வேறுபட்டன. அந்தச் சட்டம் நாட்டுக்கே ஒரு பதிவேட்டை உண்டாக்கியது. லண்டன், எடின்பரோ, கிளாஸ்கோ, டப்ளின் என எங்கே தேறினாலும் பெயர் அதே பதிவேட்டில்தான் ஏறும், தொழில் செய்யும் உரிமையும் ஒன்றுதான். சட்டத்தை எழுதியவர்கள் மதராஸ் பையன்களை நினைத்து எழுதவில்லை. ஆனால் மதராஸில் மகனைக் கப்பலேற்றத் துணிந்த ஒரு அப்பாவுக்கு அது பெரிய விஷயம். மலிவான ஊரில் வாங்கிய காகிதத்துக்கும் தலைநகரில் வாங்கிய காகிதத்துக்கும் சட்டத்தின் முன் ஒரே மதிப்பு.

எடின்பரோ ஸ்காட்லாந்தின் தலைநகர் ஆயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். பழைய தலைநகர் உண்மைதான். ஆனால் 1707-லேயே ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம் லண்டனோடு சேர்ந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்சியும் பணமும் வேலையும் லண்டனில். எடின்பரோவில் வக்கீல்கள், புத்தக அச்சகங்கள், மதுபான ஆலைகள், பல்கலைக்கழகம். லண்டனோடு ஒப்பிட்டால் சின்ன ஊர்.

அங்கே படிப்பு மலிவாக இருந்ததற்கு அமைப்பே காரணம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாதிரி கல்லூரிக்குள்ளே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அதற்கெல்லாம் கட்டணம் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. மாணவர்கள் ஊருக்குள் வாடகை அறைகளில் இருந்தார்கள். எந்த வகுப்பு வேண்டுமோ அதற்கு மட்டும் சீட்டு வாங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் 1871 வரை மதச் சோதனைகள் இருந்தன, ஸ்காட்லாந்தில் மாணவர்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. விவசாயி வீட்டுப் பையன்களும் எடின்பரோவில் நிறையப் படித்தார்கள். ஊரிலிருந்து ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு கொண்டுவந்து, பருவம் முழுவதும் அதைக் காய்ச்சிக் குடித்துப் படிப்பது அவர்கள் வழக்கம். மூட்டை தீர்ந்ததும் வீட்டுக்குப் போய் நிரப்பி வரவென்றே பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை விடுமுறை உண்டு. 'மாவுத் திங்கள்' என்றே அதற்குப் பெயர். நம் ஊர் ஹாஸ்டல் பையன்கள் தீபாவளி முடிந்து முறுக்கு டின்னோடு திரும்புவது மாதிரிதான் :-)

ஏழை மாணவர் நிறைய இருக்கும் ஊரில் ஏழையாக இருப்பது சுலபம். பாண்ட் தெரு உடை தேவைப்படாது.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் உண்டு. அதை நான் முதலில் கவனிக்கவே இல்லை. ரூபாய் அப்போது வெள்ளி நாணயம், பவுண்டு தங்கத்தில். 1870-களில் இருந்து உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்துகொண்டே வந்தது. 1870-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ பத்து ரூபாய் கொடுத்தால் ஒரு பவுண்டு. 1890-களின் நடுவில் அதே பவுண்டுக்குப் பதினெட்டு ரூபாய். எடின்பரோவில் ஒரு பென்ஸ் கூட விலை ஏறாவிட்டாலும் மதராஸில் பணம் அனுப்பும் வீட்டுக்குச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு! சிக்கனமான ஊரைத் தேர்ந்தெடுத்தவர்கள் கஞ்சத்தனத்தால் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. இன்று அத்தை தினமும் காலையில் பேப்பரில் பவுண்டு விலையைப் பார்ப்பதை நினைத்துக்கொண்டேன்.

அந்த மோசமான வருடங்களில்தான் டி.எம். நாயர் எடின்பரோவில் படித்தார். தாரவாத் மாதவன் நாயர் 1868-ல் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் படிக்கத் தொடங்கி, 1889-ல் எடின்பரோ போனார். 1894-ல் அங்கே மருத்துவப் பட்டம், 1896-ல் எம்.டி. ஊர் திரும்பி சென்னையில் டாக்டராகத் தொழில் செய்தார், மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தார். 1916-ல் தியாகராயச் செட்டியார், நடேச முதலியார் ஆகியோருடன் சேர்ந்து அவர் தொடங்கியதுதான் பின்னால் நீதிக்கட்சி என்று பெயர் பெற்றது. மூவரையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். தியாகராய நகர் செட்டியார் பெயரில், உள்ளே நடேசன் பூங்கா, டாக்டர் நாயர் ரோடு. அந்த ரோட்டில் 'டாக்டர்' என்று இருக்கிறதே, அது எடின்பரோ வாங்கிக் கொடுத்தது. நடேச முதலியாரும் டாக்டர்தான், ஆனால் அவர் கப்பலேறவில்லை, மதராஸ் மருத்துவக் கல்லூரியிலேயே படித்தவர். இதையும் மாமாவிடம் சொன்னேன். ரசிக்கவில்லை.

நாயருக்கு ஒரு வருடம் முன்பே அதே ஊருக்குப் போன ஒரு பெண்ணைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல ஆசை. ஆனி ஜகந்நாதம். சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர், மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேற்கொண்டு படிக்க அவர் 1888-ல் எடின்பரோ போனார்.

எடின்பரோ பல்கலைக்கழகம் அப்போது பெண்களுக்கு மருத்துவப் பட்டம் தரவில்லை. 1870-ல் பெண்கள் உடற்கூறு பரீட்சை எழுத வந்தபோது ஆண் மாணவர்கள் கும்பலாக வழிமறித்துச் சேறு எறிந்த ஊர் அது. அப்படி அடிபட்டவர்களில் ஒருவரான சோஃபியா ஜெக்ஸ்-பிளேக், 1886-ல் அதே ஊரில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆனி படித்தது அங்கேதான். பட்டத்துக்குப் பதில் வேறு வழி இருந்தது. 1884 முதல் எடின்பரோவின் இரண்டு மருத்துவக் கழகங்களும் கிளாஸ்கோவின் ஒரு கழகமும் சேர்ந்து ஒரு கூட்டுத் தேர்வு நடத்தின. தேறினால் மூன்றின் தகுதியும் சேர்ந்து கிடைக்கும், பதிவேட்டில் பெயர் ஏறும். பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. வெளியூர்க்காரர்கள், பெண்கள், கையில் காசு குறைந்தவர்கள் என்று பெரிய கதவுக்குள் நுழைய முடியாதவர்கள் பலரும் இந்தச் சின்னக் கதவு வழியாக டாக்டர் ஆனார்கள். வங்கத்தின் கடம்பினி கங்குலியும் 1893-ல் ஸ்காட்லாந்து, அயர்லாந்து தகுதிகளைத்தான் வாங்கி வந்தார். லண்டனில் படித்த ருக்மாபாய் கூடத் தேர்வு எழுத ஸ்காட்லாந்துக்குத்தான் போனார்.

ஆனி 1892-ல் தேறினார். ஜெக்ஸ்-பிளேக்கின் மருத்துவமனையில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பி பம்பாய் காமா மருத்துவமனையில் சேர்ந்தார். 1894-ல் காசநோயால் இறந்துவிட்டார். முப்பது வயதுதான் இருக்கும். படித்தது நாலு வருடம், டாக்டராக இருந்தது இரண்டே வருடம். தி.நகரில் நாயருக்கு ரோடு இருக்கிறது, இவர் பெயரில் நான் எதையும் பார்த்ததில்லை.

சரோஜினி நாயுடுவின் வீட்டில் இந்த இரண்டு ஊர்களும் சேர்ந்தே இருந்தன. அவர் படித்தது லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் கர்ட்டனிலும். அவருக்கு ஹைதராபாத் நிஜாமின் உதவித்தொகை இருந்தது. கணவர் கோவிந்தராஜுலு நாயுடு எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். 1898-ல் அவர்கள் கலப்புத் திருமணம் நடந்தது நம் சென்னையில்தான்.

இதுவரை படித்தால் சின்ன ஊர்தான் சரி என்று நான் வக்காலத்து வாங்குவது போலத் தெரியும். அப்படி இல்லை. சின்ன ஊர் வேறு விதத்தில் காசு வாங்கும்.

முதலில் சாப்பாடு. காந்திக்கு லண்டனில் பசி தீர்ந்தது எப்படி? நடந்து நடந்து தேடி, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்து வந்து முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டது அங்கேதான். லட்சக்கணக்கில் மக்கள் இருக்கும் ஊரில் எந்த விசித்திரமான பழக்கத்துக்கும் ஒரு கடை இருக்கும். சைவ சங்கமே இருந்தது, அதில் அவர் நிர்வாகக் குழு உறுப்பினர் வேறு.

ராமானுஜனுக்கு அது கிடைக்கவில்லை. 1914 மார்ச் 17-ம் தேதி சென்னையிலிருந்து கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனார். அவர் செலவைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது உண்மை. ஹார்டி இருந்த இடம் அது. பணமும் பிரச்சினை இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுண்டு கொடுத்தது. அதில் மாதம் அறுபது ரூபாயை வீட்டுக்குக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார். அப்போது பவுண்டு பதினைந்து ரூபாய் என்று நிலைத்திருந்தது. ஆக வருடத்துக்கு 48 பவுண்டு வீட்டுக்கு. மீதி இருநூறு பவுண்டு, தனி ஆளுக்குத் தாராளம். ஆனால் கேம்பிரிட்ஜ் மாதிரி ஒரு சிறிய ஊரில் ஆசாரமான சைவருக்குச் சாப்பிட இடமில்லை. டிரினிட்டியில் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். கணக்கில் மூழ்கினால் சமையல் தள்ளிப்போகும். சில மாதத்திலேயே உலகப் போர் தொடங்கியது, காய்கறி கிடைப்பது கஷ்டமானது. 1917-ல் நோயில் விழுந்தார். 1919-ல் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் இறந்தார். நோய்க்குச் சாப்பாடு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், டாக்டர்களே பல விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் அவர் கையில் இருந்த பணத்தால் அங்கே வாங்க முடியாத ஒன்று இருந்தது.

இரண்டாவது, முகம். பெரிய ஊரில் யாரும் நம்மைக் கவனிப்பதில்லை. அது கஷ்டம்தான், பாதுகாப்பும்தான். சின்ன ஊரில் எல்லோரும் கவனிப்பார்கள். எடின்பரோவில் இந்திய மாணவர்கள் 1883-லேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். பிறகு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே ஜார்ஜ் சதுக்கத்தில் சங்கத்துக்குக் கட்டடமும் வந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் இந்தியர்களைப் பார்த்துப் பழகிய ஊர். அந்த ஊரில் 1927-ல் சில உணவகங்களும் நடன அரங்குகளும் ஆசிய, ஆப்பிரிக்க மாணவர்களை உள்ளே விடுவதில்லை என்று தடை போட்டன. சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது, விஷயம் லண்டனில் நாடாளுமன்றம் வரை போனது. லண்டனில் நிறவெறி இல்லையா என்றால், இருந்தது. வாடகைக்கு அறை தேடிய இந்தியர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் லண்டனில் ஒரு கடை மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று. சின்ன ஊரில் நாலு கடைக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டால் மாலையில் போக இடமே இல்லை.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது வரலாற்றுக்கு முக்கியம். வக்கீல் படிப்பு எல்லோரையும் லண்டனில் குவித்தது என்றேன் இல்லையா? குவிந்தவர்கள் விருந்து மட்டும் சாப்பிடவில்லை. லண்டன் ஹைகேட்டில் 1905-ல் தொடங்கிய இந்தியா ஹவுஸில் சாவர்க்கரும், லிங்கன்ஸ் இன்னில் சட்டம் படிக்கப் போன நம் வரகனேரி வ.வே.சு. அய்யரும், எம்.பி.டி. ஆச்சாரியாவும் ஒன்றாக இருந்தார்கள். 1909 ஜூலை 1-ல் மதன்லால் திங்ரா லண்டனில் கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். அய்யர் 1910-ல் போலீஸிடமிருந்து தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அந்த வருடங்களில் லண்டனில் இந்திய மாணவர்கள் என்றாலே சந்தேகம். இந்தியா ஆபீஸ் அவர்களுக்கென்று ஒரு தகவல் அலுவலகம் திறந்தது, கிராம்வெல் சாலையில் ஒரு விடுதி வைத்தது. உதவிக்கு என்று சொன்னார்கள், வேவு பார்க்க என்று மாணவர்கள் நம்பினார்கள். 'இன்'களில் இந்தியர்களைச் சேர்ப்பதிலும் கெடுபிடி வந்தது.

இப்போது பாருங்கள், வக்கீல் படிப்புக்கும் மாற்று ஊர் தேட வேண்டிய நிலைமை. டப்ளினில் கிங்ஸ் இன்ஸ் இருந்தது, அங்கேயும் பாரிஸ்டர் ஆகலாம். 1913-ல் அங்கே போய்ச் சேர்ந்த இந்திய மாணவர்களில் ஒருவர் வி.வி. கிரி. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பெர்ஹாம்பூர்க்காரர். டப்ளின் யூனிவர்சிட்டி கல்லூரியிலும் கிங்ஸ் இன்ஸிலும் படித்தார். லண்டனின் சந்தேகத்திலிருந்து தள்ளியிருக்கும் அமைதியான சின்ன ஊர் என்று யாராவது வீட்டில் நினைத்திருந்தால், பாவம். 1916 ஈஸ்டரில் டப்ளினில் புரட்சியே வெடித்தது. அவர் கல்லூரியில் பாடம் நடத்திய தாமஸ் மக்டோனா சுட்டுக் கொல்லப்பட்டார். கிரியை நாட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். அந்த வருடமே ஊர் திரும்பி, சென்னை உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டார். 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறை, 1969-ல் குடியரசுத் தலைவர். தொழிற்சங்கத்தில் அவருக்கு வந்த ஆர்வத்துக்கு டப்ளின்தான் விதை என்று அவரே சொல்லியிருக்கிறார். மலிவான ஊர் என்ன கற்றுக்கொடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது போலிருக்கிறது.

நாயருடைய கதைக்கும் ஒரு மிச்சம் உண்டு. எடின்பரோ அவரை டாக்டர் ஆக்கியது, ஆனால் சட்டங்கள் எழுதப்பட்டது லண்டனில். 1919-ல் அரசியல் சீர்திருத்தம் பற்றிய விசாரணையில் பிராமணரல்லாதார் தரப்பைச் சொல்ல அவர் லண்டன் போனார், உடம்பு சரியில்லாமலே. சாட்சியம் சொல்வதற்கு முன்பே ஜூலை 17-ம் தேதி அங்கேயே இறந்துபோனார். படிக்க லண்டன் வேண்டியிருக்கவில்லை. ஆட்சியிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தபோது வேறு ஊர் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் பல காலம் சென்னையில் டாக்டர்கள் பெயர்ப்பலகையில் எஃப்.ஆர்.சி.எஸ். என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குள் ஊர்ப் பெயரையும் போடுவார்கள். ராயப்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் மங்கிப்போன பலகைகளில் "எடின்" என்று நானே பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் அது டாக்டரின் இனிஷியல் என்று நினைத்திருந்தேன்.

இன்றைக்கு எடின்பரோவே மலிவான ஊர் இல்லை. வாடகை ஏறிவிட்டது. பிள்ளைகள் ஷெஃபீல்டு, லெஸ்டர், டண்டீ என்று போகிறார்கள். அத்தை பையனிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நீ வாங்கப்போற டிகிரிக்கு லண்டன்ல இருந்தே ஆகணும்னு ஏதாவது இருக்கா? காந்திக்கு எழுபத்திரண்டு விருந்து இருந்த மாதிரி?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்ல" என்றான். பிறகு அங்கே படிக்கும் சீனியர் ஒருவருக்கு ஃபோன் போட்டு, அறை தேடும்போது வீட்டுக்காரர்கள் எப்படிப் பேசுகிறார்கள், அரிசி எங்கே கிடைக்கும், ராத்திரி லைப்ரரியிலிருந்து நடந்து வர முடியுமா என்று முக்கால் மணி நேரம் விசாரித்தான். ஃபீஸைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. அத்தைக்கு அது பிடித்திருந்தது.

போன வாரம் ஷெஃபீல்டுக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள். மாமா மட்டும் யார் விசாரித்தாலும் "லண்டன் பக்கத்துல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ரயிலில் இரண்டு மணி நேரம்.